ஒரே பக்கம் இரண்டு கண்

தம்பி கதிர்,

கொரியரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று பயந்துவிடாதே. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். எனக்குப் போன மாதம் சுகர் கூடி, இப்போது இறங்கியிருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. உன் தங்கச்சி பாப்பா சனிக்கிழமை திருச்சியிலிருந்து வந்து, அழுக்குத் துணியை மூட்டையாக இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியோடு பஸ் ஏறிவிட்டாள். ஃபோனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் "ம்" என்றும் "சரி" என்றும்தான் பேசுகிறேன் என்று நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய். போன செவ்வாய்க்கிழமை நான் உன்னிடம் சொன்ன ஒரு "ம்" பொய். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் கொரியர்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் பவித்ராவும் இருந்தாள். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குதிரைப் படத்தைப் பத்திரிகையின் முன்பக்கத்தில் போடப்போகிறோம் என்றாய். சிவப்பு மரக்குதிரை, உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி, பச்சைச் சேணம், காலுக்கு ஒன்றாக நாலு சக்கரம். மூன்றாம் வகுப்பில் நீ வாட்டர் கலரில் வரைந்து, மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கிய படம். கீழே சின்ன எழுத்தில் 'மணமகன் எட்டு வயதில் வரைந்தது' என்று போடலாம் என்பது பவித்ராவின் யோசனை. "அந்தக் கண்ணு இருக்கே மாமா, அதுலதான் உயிரே இருக்கு. எட்டு வயசுல எப்படி இவருக்கு இப்படி வந்துச்சு? நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீ குறுக்கே விழுந்தாய். "எங்கப்பா முப்பது வருஷம் ட்ராயிங் மாஸ்டர். ஒரு பய படத்துலயும் கை வச்சது கெடையாது. என் படத்துலகூட ஒரு புள்ளி வச்சதில்ல. நீ வேணா கேட்டுப்பாரு. அப்படித்தானப்பா?" என்றாய். நான் "ம்" என்றேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணை நீ வரையவில்லை. நான் வரைந்தேன். உனக்குத் தெரியாமல், நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் வரைந்தேன். அது உனக்கு நினைவில்லை என்றால் அதற்கும் நான்தான் காரணம். எப்படி என்று கேள்.

பாப்பா பிறக்கிற சமயம். உன் அம்மா பிரசவத்துக்காக ஆவுடையார்கோவில் பக்கம் உன் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். இங்கே நீயும் நானும் மட்டும். நான் வைத்த ரசத்தை நீ ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு, எட்டாவது நாள் "அப்பா, இன்னைக்கு ஒண்ணும் வைக்காதீங்க, சும்மா மோரு ஊத்தித் தாங்க" என்று கெஞ்சினாய். அந்த மாதம்தான் நம் ஊர் அய்யனாருக்கு மண்குதிரை தூக்குகிற புரவி எடுப்புத் திருவிழா வந்தது. குதிரை செய்கிற வேளார் வீட்டு முற்றத்தில் ஆள் உயர மண்குதிரைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நீ பள்ளிக்கூடம் விட்டதும் பையை என் மேல் எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவாய். சுண்ணாம்பு அடித்து, வண்ணம் பூசி, மணி, சலங்கை எல்லாம் எழுதிய பிறகும் குதிரைகளுக்குக் கண் மட்டும் இல்லை. உனக்கு அது பொறுக்கவில்லை. வேளாரிடம் போய், கண்ணை மறந்துவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறாய். அவர் சிரித்துக்கொண்டே, "மறக்கலடா. தூக்குற அன்னைக்குத்தான் கண்ணு தொறப்போம். இப்பவே தொறந்துட்டா அது யாரப் பாத்துக்கிட்டு நிக்கும்? சொவத்தையா?" என்றாராம். இதை அன்றைக்கு நீ என்னிடம் நாலு தடவை சொன்னாய். நானும் நாலு தடவை "ம்" போட்டேன்.

திருவிழாக் கடையில்தான் அந்த மரக்குதிரையை வாங்கினோம். நான் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்றேன். உனக்கு வேண்டாம், பாப்பாவுக்குக் குதிரைதான் வேண்டும் என்று அடம் பிடித்தாய். பிறக்கப்போவது பெண்தான் என்று நீயே முடிவு செய்திருந்தாய். வீட்டுக்கு வந்து அந்தக் குதிரையை ஸ்டூலில் நிறுத்தி, எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் சாயங்காலம் வரைந்தாய். நான் கொடுத்தது பன்னிரண்டு வில்லை கலர் பெட்டியும் இரண்டு பிரஷ்ஷும்தான். உதவி எதுவும் செய்யவில்லை, அதுவரைக்கும் உண்மை. சிவப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வயிற்றில் வெளிறலாகவும் முதுகில் அடர்த்தியாகவும் நீ போட்டதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத விஷயம் அது.

மூன்றாம் நாள் வந்து பார்த்தேன். குதிரை பக்கவாட்டில் நிற்கிறது. முகத்தில் வண்ணம் படாமல் இரண்டு வட்டம் விட்டிருக்கிறாய், வெறும் வெள்ளைப் பேப்பர். இரண்டும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து. "ஏன்டா, சைடுல பாத்தா ஒரு கண்ணுதானே தெரியும்?" என்றேன். "இல்லப்பா, நானும் மொதல்ல ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சேன். திருப்பிப் பாத்தேன், அங்கிட்டும் ஒண்ணு இருக்கு" என்றாய். இருக்கிறதை விட்டுவிடக்கூடாது என்பது உன் கட்சி. சரி, ஏன் உள்ளே கருப்பு வைக்கவில்லை என்றேன். "பாப்பா வரட்டும்ப்பா. அவ வந்தபெறகுதான் கண்ணு தொறக்கணும். அது அவளத்தான் மொதல்ல பாக்கணும். நீங்க தொறந்துறாதீங்க" என்றாய். நான் ஒன்பதாம் வகுப்பு ட்ராயிங் நோட்டுக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். காதில் விழவில்லை என்று இப்போது நான் சாக்குச் சொல்லலாம். விழுந்தது, தம்பி. நன்றாகவே விழுந்தது.

வீட்டில் வரைந்து அனுப்புகிற போட்டி அது. 'எங்கள் ஊர்க் கலை' என்று தலைப்பு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பள்ளிக்கூடத்துப் படங்களையெல்லாம் சேர்த்துக் கட்டும்போது உன் படமும் மேஜைமேல் இருந்தது. நடுவர்கள் மூன்று பேருமே எனக்குத் தெரிந்த ட்ராயிங் மாஸ்டர்கள். அவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஓடியது மனசு. ஓவிய வாத்தியார் பிள்ளை குதிரைக்கு ஒரே பக்கம் இரண்டு கண்ணை வைத்து, அதையும் குருட்டுக் கண்ணாக அனுப்பியிருக்கிறானே என்று டீக்கடையில் பேசிச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பாப்பா வர இன்னும் மூன்று மாதம் இருந்தது, தேதியோ இன்றைக்கு. பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு வட்டத்தைச் சிவப்பால் மூடினேன். இன்னொன்றில் கரு விழி எழுதி, ஓரத்தில் குண்டூசித் தலை அளவு வெள்ளை விட்டேன், வெளிச்சம் படுகிற மாதிரி. ஐந்து நிமிஷ வேலை. கிழிஞ்சது போ, குதிரை என்னை முறைத்துப் பார்த்தது. நான் வாழ்நாளில் எழுதிய கண்களில் நல்ல கண் அதுதான் என்று சொன்னால் நீ சிரிப்பாயோ காறித் துப்புவாயோ தெரியாது. பவித்ராவுக்குப் பிடித்த கண் அதுதான்.

வாட்டர் கலரில் ஒரு விஷயம் உண்டு, உனக்கு மறந்திருக்கும். அதில் வெள்ளை என்று தனியாகப் பூச ஒன்றும் கிடையாது. பேப்பர்தான் வெள்ளை. எந்த இடத்தை விட்டுவைக்கிறோமோ அதுதான் வெளிச்சம். ஆயில் பெயிண்ட் என்றால் மேலே பூசிப் பூசித் திருத்தலாம். இதில் ஒரு தடவை கலர் ஏறிவிட்டால் அந்த வெள்ளை போனது போனதுதான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக நான் சொன்னது இது. எங்கே விடணும் என்று தெரிந்தவன்தான் வாட்டர் கலர்க்காரன் என்று போர்டில் எழுதியே போடுவேன். எட்டு வயதில் நீ விட்டாய். நாற்பது வயதில் எனக்கு விடத் தெரியவில்லை.

முதல் பரிசு வந்தது. புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா. பரிசுப் படங்களைத் தட்டியில் குத்தி வைத்திருந்தார்கள். உன்னைப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். நீ நேரே உன் படத்துக்கு ஓடினாய். கிட்டே போய் நின்றாய். வெகுநேரம் திரும்பவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இது முழிச்சிருச்சு" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாய் தெருவில் ஓடிவிட்டது என்று வந்து சொல்கிற மாதிரி சொன்னாய். நான் உன் வாயைப் பொத்தாத குறை. பக்கத்தில் இரண்டாம் பரிசு வாங்கிய ஒரு பிள்ளை நின்றது, கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை, தலையில் முக்காடு போட்டிருந்தது. கரையில் இழுத்துப் போட்ட படகு வரைந்திருந்தது. படகு கொஞ்சம் கோணல். ஆனால் அது அந்தப் பிள்ளையின் கோணல். நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, அது உன் குதிரையின் கண்ணைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. மேடையில் உன் பெயரைச் சொன்னபோது எல்லோருக்கும் முன்னால் கை தட்டியதும் அந்தப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது அநியாயம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் நீ சான்றிதழை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். நான் ஓரமாக ஏறி வந்து, முதுகில் தட்டிக் கொடுக்கிற மாதிரி உன்னைக் கிள்ளினேன். அப்புறம் வாங்கினாய். அந்த ஃபோட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஃபிளாஷ் கண்ணுல அடிச்சிருச்சு" என்று இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபிளாஷ் இல்லை. அது என் நகம்.

அம்மா பாப்பாவோடு திரும்பி வந்தபோது படம் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியிருந்தது. "யாரு, எம்புள்ளயா வரைஞ்சான்?" என்று அவள் கேட்டதற்கு, நீ "அது அப்பா வரைஞ்சது" என்றாய். எனக்குச் சுரீர் என்றது. "டேய், பரிசு வாங்குனது யாரு, நீயா நானா? சொந்தமா வரைஞ்சிட்டு என்னடா பேச்சு இது?" என்று சத்தம் போட்டேன். வெளியே யார் காதிலாவது விழுந்தால் என் வேலைக்கும் பெயருக்கும் கேடு என்று பயம். அன்றைக்கு ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, "தம்பி வரைஞ்சது, எட்டு வயசு, ஒரு கோடு நான் தொடல" என்றேன். முதலில் நீ தலையைக் குனிவாய். பிறகு சும்மா நிற்பாய். ஏழாம் வகுப்பு வாக்கில், உன் சிநேகிதன் ஒருவன் கேட்டதற்கு நீயே "நான் வரைஞ்சது, அப்பா தொடக்கூட இல்ல" என்றாய். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு நடந்ததை நடக்காததாக்கி, அவன் வாயாலேயே சொல்லவும் வைத்துவிட்டேன். உன்னைக் கிள்ளியதைவிட இதுதான் பெரிய குற்றம்.

நீ சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஒரு பய படத்திலும் கை வைக்காதவன் என்று எனக்குப் பெயர் வந்தது உன் படத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகளின் படத்தைச் சரி பண்ணியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. உன் படம்தான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு நோட்டிலும் என் பென்சில் பட்டதில்லை. ஆனால் நீ பிரஷ்ஷைத் தொடவில்லை. "எனக்கு வராதுப்பா" என்றாய். பையனுக்குக் கணக்கில் புத்தி போகிறது என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். இப்போது ஓசூரில் உட்கார்ந்து மெஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறாய், மயிரிழை தப்பாமல். நல்ல வேலை, நல்ல பெயர். குறை சொல்லவில்லை. ஆனாலும் கோபுரத்தையோ குளத்தையோ நீ ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கல்யாணச் சமயத்தில் ஏன் கிளறுகிறீர்கள் என்று நீ கேட்கலாம். காரணம் இருக்கிறது. உன் நிச்சயதார்த்தத்தன்று பவித்ரா தன் அத்தையிடம் நீங்கள் இருவரும் முதலில் சந்தித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல ருசியாகச் சொன்னாள். நீ நடுவில் புகுந்து, "வியாழக்கிழம இல்ல, பொதன்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "கேன்டீன்ல இல்ல, லிஃப்ட் பக்கத்துல" என்றாய். மூன்றாவது தடவை நீ வாயைத் திறந்ததும் அவள் சிரித்துக்கொண்டே, "சரி, நீங்களே சொல்லுங்க" என்று கதையை உன்னிடம் தள்ளிவிட்டு ஜூஸ் எடுக்கப் போய்விட்டாள். நீ சொன்ன கதையில் தேதி எல்லாம் சரியாக இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். என் மூக்கு உனக்கு வரவில்லையே என்று உன் அம்மா வீட்டில் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்குக்குப் பதில் கை வந்திருக்கிறது.

அந்தக் கை என்ன பண்ணும் என்பதற்கு உன் அம்மாவைவிடச் சாட்சி வேண்டாம். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாசலில் பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள், பதினைந்து புள்ளி. நான் பல் விளக்கிக்கொண்டே நின்று பார்த்துவிட்டு, "மூணாவது வரிசையில புள்ளி தள்ளிப் போச்சு பாரு" என்றேன். சொன்னதோடு விட்டேனா, காலால் ஒரு புள்ளியை அழித்துவிட்டுக் குனிந்து நானே வைத்தேன். அவள் மாவுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் எழுந்திருக்குமுன் போட்டு முடித்துவிடுவாள். முப்பத்திரண்டு வருஷமாக என் பெண்டாட்டி கோலம் போடுவதை நான் பார்த்ததில்லை, தம்பி. போட்ட கோலத்தைத்தான் பார்த்திருக்கிறேன். புள்ளி சரியாக இருந்தது என்று வைத்துக்கொள், அதை வைத்து எனக்கு என்ன கிடைத்தது? பவித்ரா புதன்கிழமையை வியாழக்கிழமை என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். குழம்பில் உப்புக் கூடினால் மோர் ஊற்றிச் சாப்பிடு, என் ரசத்துக்கு நீ செய்த மாதிரி. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, மாட்டுக்கு ஐந்து கால் வரைந்துகொண்டு வந்தால், எண்ணிப் பார்க்காதே. எண்ணினாலும் வெளியே சொல்லாதே. எதற்கு ஐந்து என்று கேள், அதுவே போதும்.

செவ்வாய்க்கிழமை நீ ஃபோனை வைத்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள். "என்னத்த?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. "ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுக்கப் போறான். எம்புள்ள பொய்யக் கையில வச்சுக்கிட்டா மணவறைக்குப் போவணும்?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நீ "அது அப்பா வரைஞ்சது" என்றதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். இருபத்தோரு வருஷம் என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாளாம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றி, ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரப் பிரஷ்ஷால் மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் அந்தக் கருப்பு கொஞ்சம் வெளுக்கும், சிவப்புக்குள்ளே புதைந்த வட்டத்தையும் மீட்டுவிடலாம், நீ வரைந்தபடியே ஆக்கிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. உன் அம்மா வந்து கிண்ணத்தை அப்படியே தூக்கினாள். "அடச்சீ, மறுபடியும் அவன் படத்துலயா கை வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். நான் வெறும் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பீரோவைத் திறந்தாள். பாப்பாவின் தடுப்பூசி அட்டை இருக்கிற பிளாஸ்டிக் கவர் உனக்குத் தெரியும். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை ஒன்றின் பின்பக்கம். அதில் ஒரு குதிரை. அதே சிவப்பு, அதே மஞ்சள் புள்ளி. அவசரத்தில் வரைந்தது, சேணத்துப் பச்சை வழிந்து வயிற்றில் இறங்கியிருக்கிறது. முகத்தில் இரண்டு கண், ஒரே பக்கம், அடுத்தடுத்து. இரண்டும் திறந்திருந்தன. விழியின் கருப்பு வாட்டர் கலரில் போட்டது இல்லை, மினுக்கமாக இருந்தது. என்ன இது என்று கேட்டேன். அவள் சொன்னாள். பாப்பாவைக் கொண்டுவந்த அன்று நான் பால் வாங்கப் போயிருந்தேனாம். நான் தெருமுனை திரும்பினதும் நீ இந்தத் தாளைப் பாயின் அடியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாய். "பாப்பாவத் தூக்கிப் பிடிம்மா, அது நேராப் பாக்கணும்" என்று சொல்லி, பாப்பாவுக்கு வைக்கிற கண்மையை உன் சுண்டுவிரலில் தொட்டு, அவளுக்கு எதிரே வைத்து ஒவ்வொரு கண்ணாகத் திறந்திருக்கிறாய். பாப்பா கையை நீட்டித் தட்டியதில் இரண்டாவது கண் கொஞ்சம் இழுபட்டுவிட்டது. அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது, பிஞ்சு விரல் பட்ட தடம்.

"இத்தன வருஷம் எங்கிட்டக் காட்டலயே?" என்றேன். உன் அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் ஒங்கப்பாட்டக் காட்டுறேன்டா, சந்தோசப்படுவாருன்னேன். 'வேணாம்மா, அப்பாட்டக் காட்டாத, திருத்திருவாரு'ன்னு சொல்லி எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனான். எட்டு வயசுப் புள்ள. எப்படிக் காட்டுறது?"

நான் அழுதேன், தம்பி. கிழவன் அழுதான் என்று நீ சங்கடப்பட வேண்டாம், அழ வேண்டியதற்குத்தான் அழுதேன். இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது, உன் கையை அன்றைக்கே நான் முடக்கிவிட்டேன் என்று. அப்படி இல்லை. நான் வெளியே போகும்வரை காத்திருந்து, சொன்ன சொல் தவறாமல், பாப்பா முன்னால்தான் கண் திறந்திருக்கிறாய். நீ வரைந்தாய். எனக்குத்தான் காட்டவில்லை.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரிகையில் சுவர்ப்படத்தைப் போடுவதா, இதைப் போடுவதா, எதையுமே போடாமல் வெறும் பிள்ளையாரோடு விடுவதா என்பது நீயும் பவித்ராவும் பேசி முடிவெடுக்க வேண்டியது. சுவர்ப்படத்தைத்தான் போடுவது என்றால் கீழே உள்ள வரியை மட்டும் எடுத்துவிடு. பவித்ராவிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டு, எனக்கு ஏற்றது மாதிரி எதையும் விட்டுவிடாதே. மாமனாரைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைத்தாலும் கல்யாணத்துக்கு முன்னாலேயே நினைத்துக்கொள்ளட்டும். நீ கோபப்பட்டு நாலு நாள் பேசாமல் இருந்தாலும் இரு. நாலு வார்த்தை திட்டினாலும் திட்டு. இந்தத் தடவை "ம்" என்று கேட்க மாட்டேன், காது கொடுத்துக் கேட்பேன்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், பழக்கதோஷம் போகவில்லை. தாளைப் பார்த்த மாத்திரத்தில், பின்னங்கால் சக்கரம் ஒன்று தரையில் படாமல் அந்தரத்தில் நிற்பது என் கண்ணில் பட்டுவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், மேடையில் நீ கட்டிக்கொண்ட மாதிரி. தாளை மடித்தது உன் அம்மா. கவரில் வைத்ததும் அவள்தான், ஒட்டியதும் அவள்தான். நான் மேலே உன் முகவரி மட்டும் எழுதியிருக்கிறேன். படத்தை நான் தொடவில்லை.

அப்பா